துறைமுகப் பூனை யாருடையது? லெஸ்வோஸின் மீன்பிடி ஊர் ஒன்றை முன்வைத்து

1. கேள்வி

லெஸ்வோஸ் தீவின் வடகரையில், துருக்கியை நேரெதிரே பார்த்தபடி, ஸ்காலா சிகாமினியாஸ் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. அலைதடுப்புச் சுவருக்குள் அடங்கிய சிறு படகுத்துறை. அதன் முனையில் பாறைமேல் வெள்ளையடித்த பனாயியா கொர்கோனா சிற்றாலயம். கரையில் ஒரு முதிய மல்பெரி மரம், சுற்றிலும் டவெர்னா எனப்படும் உணவகங்களின் மேசைகள். மேசைக் கால்களுக்கிடையே பூனைகள். இந்த ஊருக்கு மேலே மலையில் இருக்கும் சிகாமினியாவில் பிறந்தவர் ஸ்ட்ராட்டிஸ் மிரிவிலிஸ். 1949இல் வெளிவந்த அவரது நாவல் ஒன்று இந்தச் சிற்றாலயத்தின் பெயரையே தாங்கியது. 1922இல் ஆசியா மைனரிலிருந்து துரத்தப்பட்டு இக்கரையில் ஒதுங்கிய கிரேக்க அகதிகளைப் பற்றிய நாவல் அது.

இலக்கியத்தில் நாட்டம் உள்ளவர்கள் மிரிவிலிஸின் மரத்தடியைத் தேடி வருகிறார்கள். மற்றவர்கள் கடலுக்காகவும் மீனுக்காகவும் வருகிறார்கள். யார் எதற்கு வந்தாலும் படமெடுப்பது பூனையை. ஏஜியன் கடலின் எந்தத் தீவுத் துறைமுகத்துக்கும் இது பொருந்தும். பயணக் கட்டுரைகளில் இந்தப் பூனைகளுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கத்தில் மூன்று கூற்றுகள் உண்டு. இவை காலங்காலமாக இங்கே இருப்பவை, மீனவர்களால் வாழ்பவை, ஊருக்கே பொதுவானவை. மூன்றும் காதுக்கு இனிமையானவை. ஆனால் தொல்லியலையும் மீன்பிடித் தொழிலின் நிலையையும் நாட்டின் சட்டத்தையும் அருகில் வைத்துப் பார்த்தால், முதல் கூற்று பாதி உண்மை, இரண்டாவது பழங்கதை, மூன்றாவது ஒரு பொறுப்புத் துறப்பு என்பதே என் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

2. பழமை

மத்தியதரைக் கடல் தீவுகளில் பூனையின் மிகப் பழைய தடயம் சைப்ரஸில் கிடைத்தது. ஷில்லூரோகாம்போஸ் என்ற புதிய கற்காலக் குடியிருப்பில், சுமார் 9500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றுக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 8 மாத வயதுள்ள ஒரு பூனை முழுதாகப் புதைக்கப்பட்டிருந்தது. ழான் தெனி வீன் தலைமையிலான பிரெஞ்சுக் குழு 2004இல் இதை வெளியிட்டது. சைப்ரஸில் இயற்கையாகக் காட்டுப்பூனை கிடையாது. அப்படியானால் யாரோ படகில்தான் ஏற்றி வந்திருக்க வேண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டு இன்றைய துறைமுகப் பூனைக்கு 9500 ஆண்டு வம்சாவளி எழுதுகிறவர்கள் உண்டு. அங்கேதான் சிக்கல். கிளாவ்டியோ ஒட்டோனி முதலானோர் 2017இல் வெளியிட்ட பழம் மரபணு ஆய்வு, அண்மைக் கிழக்கிலிருந்து ஒன்றும் எகிப்திலிருந்து பின்னாளில் ஒன்றுமாக இரண்டு பரவல்களைக் காட்டியது. எகிப்திய வழி வந்த பூனை பால்டிக் கடலோர வைக்கிங் துறைமுகமான ரால்ஸ்வீக் வரை போயிருந்ததும் அதில்தான் தெரியவந்தது. 2025இல் வெளியான முழு மரபணு ஆய்வு இன்னும் ஒரு படி போய், இன்றைய ஐரோப்பிய வீட்டுப் பூனையின் முன்னோர் வட ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்னர்தான் பரவினர் என்கிறது. இது நிலைபெறுமானால், சைப்ரஸ் புதைகுழியில் கிடந்த பூனை இன்றைய துறைமுகப் பூனைக்கு நேர் மூதாதை ஆகாது.

இடைப்பட்ட காலத்துக்கு ஓவியச் சான்று ஒன்று இருக்கிறது. சாந்தோரினித் தீவின் அக்ரோதிரியில், எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்த வெண்கலக் கால நகரத்தில், 'மேற்கு வீடு' என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட கட்டடத்தின் ஒரே அறையில் இரண்டு காட்சிகள் கிடைத்தன. ஒன்றில், ஆடையற்ற இளைஞன் கயிற்றில் கோத்த மீன்களை இரு கைகளிலும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். மற்றொன்றில், பனைகள் நிறைந்த ஆற்றங்கரையில் பூனையினத்து விலங்கு ஒன்று வாத்துகளைத் துரத்துகிறது. பக்கத்தில் கற்பனை விலங்கான கிரிஃபினும் ஓடுகிறது. ஆற்றுக் காட்சி நைல் நதிச் சாயலுடையது, அதாவது கேள்விப்பட்ட வேற்றுநாட்டின் வனப்பு. மீனவன் அருகில் பூனை இல்லை. பூனை அருகில் மீன் இல்லை. இன்றைய அஞ்சலட்டை ஒரே சட்டகத்தில் அடைக்கும் இரண்டையும் அந்த ஓவியன் வெவ்வேறு உலகங்களில் வைத்திருந்தான். ஒரே ஓர் அறையை வைத்து ஒரு காலத்தையே அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் 'தீவு மீனவனும் பூனையும்' என்ற இணை ஆதிகாலத்தது என்பதற்கு இந்த அறை சாட்சி சொல்லவில்லை.

பிற்காலக் கிரேக்கத்திலும் பூனை அரிய பிராணியாகவே தென்படுகிறது. ஏதென்ஸில் கிடைத்த, கி.மு. 510ஐ ஒட்டிய சிலைபீடம் ஒன்றில், நாயையும் பூனையையும் கயிற்றில் பிடித்து மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் இளைஞர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எகிப்தியரின் பூனைப் பற்றைப் புதினமாக வர்ணிக்கிறார். வீட்டுப் பூனை செத்தால் அவர்கள் புருவத்தை மழித்துக்கொள்வார்களாம். கிரேக்க வீடுகளில் எலி பிடிக்கும் வேலையைக் கீரியை ஒத்த மரநாய் இனத்துச் சிறு விலங்குகள் பார்த்துவந்தன. பூனை காலூன்றியது தானியக் கிடங்கு வழியாகவும் சரக்குக் கப்பல் வழியாகவும். அதைக் கொண்டுவந்தது மீன் அல்ல, எலி. படகுத்துறைக்கு அது பிறகே இறங்கி வந்தது.

3. வலையும் தட்டும்

மீனவனின் பூனை என்ற கூற்றுக்குக் கண்ணால் காணும் ஆதாரம் உண்டு என்பதை மறுக்க முடியாது. காலையில் படகு கட்டியதும் மீனவர் துறையிலேயே உட்கார்ந்து மஞ்சள் நைலான் வலையை மடியில் இழுத்துப் போட்டு, சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். விலைபோகும் மீன் பெட்டிக்குப் போகிறது. நசுங்கியதும் விரல்நீளமே உள்ளதும் முதுகுக்குப் பின்னால் போகிறது. பூனைகள் நெருங்கி வந்து மொய்ப்பதில்லை. இரண்டு மூன்று முழம் தள்ளி, ஒன்றுக்கொன்று இடைவெளிவிட்டு உட்கார்ந்திருக்கும். மூத்த கடுவன் முன்னால். குட்டி ஈன்ற பெட்டை பக்கவாட்டில். வாலைச் சுருட்டிய இளசுகள் படகு கட்டும் இரும்புக் குமிழுக்குப் பின்னால். விழுந்த மீனை எடுத்தது எதுவோ, அது உடனே அந்த இடத்தைவிட்டு அகன்றுவிடும். எறிகிறவர் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. அவருக்கு இது கழிவு அகற்றல், அவ்வளவுதான்.

காட்சி உண்மை. ஆனால் இத்தனை பூனைகளுக்கும் இது ஆண்டு முழுவதும் சோறு போடுமா? கிரேக்கத்தின் மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை 12 மீட்டருக்கும் குறைந்த சிறு படகுகள். காற்று வலுத்தால் கடலுக்குப் போக மாட்டார்கள். அந்தப் படகுகளின் எண்ணிக்கையும் சுருங்கிக்கொண்டே வருகிறது. மீன்வளத்தைக் காக்க மீன்பிடித் திறனைக் குறைப்பது என்ற ஐரோப்பிய ஒன்றியக் கொள்கையின்படி, 1990களிலிருந்து உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் மீனவருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. நிபந்தனை, படகை அழித்துவிட வேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் இப்படிப் போயின. அவற்றில் பெரும் பகுதி, கையால் இழைத்துக் கட்டிய 'காயிக்கி' மரப்படகுகள். மண்வாரி இயந்திரம் படகின் முதுகில் வாளியை இறக்கி நொறுக்குவதைப் படகின் சொந்தக்காரரே கரையில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. மீன்வளம் இதனால் எவ்வளவு மீண்டது என்பது தனி விவாதம். மரப்படகு கட்டும் கைத்தொழில் மீளவில்லை என்பதில் விவாதமே இல்லை.

கடலுக்குள்ளும் மாற்றம் வந்திருக்கிறது. 1869இல் திறந்த சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடல் உயிரினங்கள் மத்தியதரைக் கடலுக்குள் புகுந்து வருகின்றன. அவற்றில் கிரேக்க மீனவர் மிகவும் வெறுப்பது 'லாகோகெஃபலோஸ்' என்ற நச்சு மீனை. நம் கடற்கரைகளில் பேத்தை என்று ஒதுக்கும் மீன்களின் குடும்பம் அது. 2000க்குப் பிறகு ஏஜியனின் தென்கிழக்கில் பெருகி, அலகு போன்ற பற்களால் வலையையும் வலையில் சிக்கிய மீனையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. வலை பொத்தியே நாள் போகிறது என்பது மீனவர் புகார். அதன் உடலில் உள்ள டெட்ரோடோடாக்ஸின் மனிதனையும் கொல்லும், பூனையையும் கொல்லும். இந்தக் குடும்பத்து மீன்களை விற்க ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. விலைபோகாததைப் பூனைக்கு எறிவது என்ற பழைய கணக்கு இந்த மீனிடம் செல்லாது.

எனில் பூனைகள் எதைத் தின்று வாழ்கின்றன? டவெர்னா தட்டை. மே முதல் அக்டோபர் வரை மேசைக்கு மேசை சாளை மீன் பொரியலும், கம்பியில் காயவைத்துச் சுட்ட பேய்க்கணவாயும் வருகின்றன. தலையும் முள்ளும் கீழே போகின்றன. 2020 இதை ஒரு சோதனைபோல நடத்திக் காட்டியது. கோவிட் பரவலால் மார்ச் நடுவில் கிரேக்க உணவகங்கள் மூடப்பட்டு மே மாதக் கடைசியில்தான் திறந்தன. தொழில்முறை மீன்பிடிப்புக்குத் தடை இல்லை. இருந்தும் தெருப்பூனைகள் பட்டினி கிடந்தன. தன்னார்வலர்கள் தீவனப் பைகளோடு அலைய வேண்டியிருந்தது. துறைமுகப் பூனை மீனவனை நம்பி வாழ்ந்திருந்தால் மூடிய உணவகம் அதை இவ்வளவு பாதித்திருக்காது. மீன்பிடித் தொழிலின் எச்சமாக நாம் ரசிக்கும் இந்தப் பூனை, உண்மையில் சுற்றுலாத் தொழிலின் பிராணி.

4. நாட்காட்டியில் இல்லாதவை

இந்த மாற்றத்தை மறைத்ததில் புகைப்படத்துக்குப் பங்குண்டு. 1990களில் ஹான்ஸ் சில்வெஸ்டர் சைக்ளடீஸ் தீவுப் பூனைகளைப் படமெடுத்து வெளியிட்ட நூல்கள் உலகெங்கும் போயின. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, படியில் பூனை என்ற அமைப்பு அதன்பின் ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. இன்று எந்தத் தீவின் பெட்டிக்கடையிலும் பூனை நாட்காட்டி தொங்கும். சில்வெஸ்டர் நல்ல கலைஞர். பூனைகளின் சண்டையையும் பாய்ச்சலையும் பொறுமையாகக் காத்திருந்து எடுத்தவர். அவரைப் போலச் செய்தவர்களிடம் அந்தப் பொறுமை இல்லை, வாய்ப்பாடு மட்டும் இருக்கிறது.

வெயிலில் படுத்திருக்கும் வெள்ளைப் பூனையை எடுத்துக்கொள்வோம். நாட்காட்டியின் அட்டைக்கு அதுதான் வருகிறது. வெயில் மிகுந்த நாடுகளில் வெள்ளைப் பூனையின் காதுமுனையிலும் மூக்கிலும் தோல் புற்று வருவது கால்நடை மருத்துவர்களுக்கு அன்றாடம் தெரிந்த விஷயம். நிறமி இல்லாத தோல், மெல்லிய ரோமம், ஆண்டுக்கணக்கில் வெயில். காது முதலில் சிவக்கும், பிறகு பொருக்குத் தட்டும், பிறகு விளிம்பு அரித்துப்போகும். நாட்காட்டி இரண்டு வயதுப் பூனையைக் காட்டுகிறது. எட்டு வயதுப் பூனையைக் காட்டுவதில்லை.

குட்டிகளின் கதையும் இப்படியே. பகல் நீளும்போது பெட்டைகள் பருவத்துக்கு வருகின்றன. ஏறத்தாழ 9 வாரச் சினை. ஆகவே குட்டிகள் கண் திறப்பதும் பயணிகள் வந்திறங்குவதும் ஒரே பருவத்தில் நடக்கின்றன. கோடையில் வருகிறவர் ஊர் முழுக்கக் குட்டிகளைப் பார்த்துவிட்டு, பூனைகள் செழிப்பாக இருப்பதாக முடிவு கட்டுகிறார். அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், குட்டிகளில் 75 விழுக்காடு 6 மாதத்துக்குள் செத்தன அல்லது காணாமற்போயின. கிரேக்கத் தீவுகளுக்கு அதே விழுக்காடு அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. ஆண்டுதோறும் இத்தனை குட்டிகள் பிறந்தும் பூனைத் தொகை பன்மடங்காகப் பெருகாததற்கு வேறு விளக்கமும் எனக்குத் தெரியவில்லை.

5. குன்குஷ்

ஊருக்கே பொதுவான பூனை என்ற மூன்றாவது கூற்றைச் சோதிக்க, ஸ்காலா சிகாமினியாஸே ஒரு நிகழ்வைத் தந்திருக்கிறது.

2015இல் கடல் வழியாகக் கிரேக்கத்துக்கு வந்த அகதிகள் 8,50,000க்கும் மேல். அவர்களில் 5,00,000 பேர் அளவில் லெஸ்வோஸில் இறங்கினார்கள். எதிர்க்கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரே உள்ள இந்த வடகரைதான் முக்கிய இறங்குதுறை. மீனவர்கள் வலையைப் போட்டுவிட்டு ஆட்களைத் தூக்கினார்கள். அக்டோபரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தில் ஊரின் மூதாட்டிகள் மூவர் ஓர் அகதிக் குழந்தைக்குப் புட்டிப்பால் ஊட்டுகிறார்கள். அந்த மூதாட்டிகளில் ஒருவரும் ஊர் மீனவர் ஒருவரும் 2016 நோபல் அமைதிப் பரிசுக்கு முன்மொழியப்பட்டதற்கு அந்த ஆண்டின் நிகழ்வுகளே காரணம். ஆசியா மைனரிலிருந்து துரத்தப்பட்டவர்களின் மரபில் வந்தவர்கள் இவர்கள். மிரிவிலிஸின் நாவலை வாசித்தவர்களுக்கு இந்தக் கரையின் நினைவு எவ்வளவு நீளமானது என்பது புரியும்.

அந்த நவம்பரில் மோசுலிலிருந்து தப்பி வந்த ஒரு தாயும் அவருடைய 5 பிள்ளைகளும் தங்கள் வெள்ளைப் பூனை குன்குஷைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இறங்கிய குழப்பத்தில் பூனை ஓடிவிட்டது. தேடினார்கள், கிடைக்கவில்லை, பயணத்தைத் தொடர வேண்டியதாயிற்று. சில நாள் கழித்து, அழுக்கேறிச் சடைபிடித்த வெள்ளைப் பூனை ஒன்று ஊர்ப் பூனைகளிடம் அடிபட்டுத் திரிவதைத் தன்னார்வலர்கள் கண்டார்கள். இந்த ஊர்ப் பூனை இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. மருத்துவரிடம் காட்டி, 'தியாஸ்' என்று பெயரிட்டு, சமூக ஊடகத்தில் அறிவித்து, பெர்லினுக்கு அனுப்பி, கடைசியில் நோர்வேயில் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2016 பிப்ரவரியில் பூனை வீடு சேர்ந்தது. மறு ஆண்டு இது சிறுவர் நூலாகவும் வந்தது.

குன்குஷ் வந்திறங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், அக்டோபர் 28 அன்று, இதே கடலில் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிய மரப்படகு உடைந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மனிதர் மூழ்கும்போது பூனைக்கு இவ்வளவு செய்தியா என்று கேட்டவர்கள் உண்டு, கேட்டது நியாயமே. ஆனால் அந்தக் கேள்வியோடு நிறுத்திவிட்டால் இன்னொன்று தவறிப்போகும். குன்குஷுக்காக விமானச் சீட்டு, மருத்துவம், மாதக்கணக்கான தேடல் எல்லாம் கிடைத்ததற்குக் காரணம், அது யாரோ ஒருவருடைய பூனை. அதே துறையில் அதை அடித்த பூனைகளில் ஒன்றைத் தேடி யாரும் புறப்பட்டிருக்க மாட்டார்கள். அது காணாமற்போனதே யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லோருக்கும் உரியது என்று சொல்லப்படும் பூனைக்கு உரியவர் எவரும் இல்லை என்பதை வீட்டுப் பூனை ஒன்று வந்து காட்டிவிட்டுப் போனது.

6. சட்டமும் காதில் ஒரு வெட்டும்

சட்டப்படி இந்தப் பூனைகளுக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு: நகராட்சி. 4039/2012 எண்ணுள்ள சட்டம் தெருவில் திரியும் நாய் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, எடுத்த இடத்திலேயே விடும் பணியை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. 2020இல் கடும் விலங்குவதை 10 ஆண்டு வரை சிறைக்குரிய பெருங்குற்றமாக்கப்பட்டது. 'ஃபோலா' என்று கிரேக்கர் சொல்லும் நச்சு இரை வைக்கும் வழக்கம் அந்நாட்டில் பழையது. அதைத் தடுப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று. 4830/2021 சட்டம் வளர்ப்புப் பிராணிகளுக்கு நுண்சில்லும் தேசியப் பதிவும் கட்டாயமாக்கி, கருத்தடை செய்யாத உரிமையாளர் மரபணு மாதிரி தர வேண்டும் என்றது. வீட்டில் வளர்ந்து தெருவில் விடப்படும் பிராணியின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அது.

தாளில் இவை ஐரோப்பாவின் கடுமையான சட்டங்களில் சேரும். நடைமுறையில், முழுநேரக் கால்நடை மருத்துவரே இல்லாத சிறு தீவுகளில் நகராட்சியின் கை எட்டுவதில்லை. வேலையைச் செய்கிறவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்களும், வடக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஓய்வூதியர்களும், சில நாள் முகாமிட்டு அறுவை செய்துவிட்டுப் போகும் மருத்துவக் குழுக்களும். 2018இல் சீரோஸ் தீவின் பூனைக் காப்பகம் ஒன்று 55 பூனைகளைப் பராமரிக்க வீட்டோடு சம்பளமும் தருவதாக விளம்பரம் செய்தபோது, உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிந்தன. பூனைத் தீவில் வாழ ஆசைப்படுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை என்பது அதில் தெரிந்தது. பிப்ரவரி மழையில் கூண்டு வைத்துப் பூனை பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்பது தெரியவில்லை.

எதிர்த் தரப்பும் ஒன்று உண்டு. பூனை விரும்பிகள் அதைப் பேச விரும்புவதில்லை. நாக்ஸோஸைச் சுற்றியுள்ள தீவுகளில் எர்ஹார்டு சுவர்ப்பல்லி என்ற இனத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான கட்டுரை, பூனைகள் உள்ள இடங்களின் பல்லிகள் அதிகத் தொலைவிலேயே வெருண்டு ஓடுவதையும், பதுங்கிடத்தை ஒட்டியே நடமாடுவதையும், எளிதில் வாலைத் துண்டித்துக்கொள்வதையும் பதிவுசெய்தது. பூனையே இல்லாத குட்டித் தீவின் பல்லிக்கு அந்த அச்சம் இல்லை. அங்கே ஒரு பூனை இறங்கினால் பல்லியின் கதி என்ன என்று விளக்க வேண்டியதில்லை. துறையில் மீன் கிடைக்காத குளிர்காலத்தில் பூனை மலைச்சரிவுக்குப் போகிறது. கருத்தடை வேண்டும் என்பதற்குப் பூனையின் நலன் ஒரு காரணம் என்றால், பல்லியும் நிலத்தில் கூடு கட்டும் பறவையும் மற்றொரு காரணம்.

இந்த ஏற்பாடு நடக்கிறதா என்பதைப் பயணி தெரிந்துகொள்ள அறிக்கை எதையும் புரட்ட வேண்டியதில்லை. கருத்தடை செய்த பூனையின் காதுமுனையில், மீண்டும் பிடிக்காமலிருக்க அடையாளமாக, சிறு வெட்டு இருக்கும். மேசையடியில் நிற்கும் பூனைகளின் காதுகளை எண்ணினால் போதும். பத்துப் பூனைகளில் ஏழெட்டுக்குக் காதில் வெட்டு இருந்தால் அந்த ஊரில் யாரோ குளிர்காலத்தில் வேலை செய்திருக்கிறார்கள் என்று பொருள். இல்லையென்றால், அடுத்த மே மாதம் அங்கே குட்டிகள் நிறைந்திருக்கும். பயணிகளுக்கு அந்த ஊர் மிகவும் பிடித்துப்போகும்.

ஏஜியன் தீவுகளுக்குப் போகிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மேசையிலிருந்து எறியும் மீன்தலை அந்த வேளைக்கு மட்டுமே உதவும். குளிர்காலத்தில் எறிய ஆள் இருக்காது. போகும் ஊரில் கருத்தடைப் பணி செய்கிறவர்கள் யார் என்று டவெர்னாக்காரரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் செலவிடும் தொகையை அவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். மீனை முடிந்தால் துறையிலேயே, படகுக்காரரிடம் வாங்குங்கள்.